தொடாத பல்லில் விரிசல்

எதுவுமே படாத பல்லில் விரிசல் எப்படி விழும்?

பல் டாக்டர் பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தட்டில் கிடந்த பிடுங்கிய பல்லை மறுபடி பார்த்தார். விரிசல் அங்கேயேதான் இருந்தது, வேரின் ஓரமாக, மயிரிழை போல.

"ஆச்சா?" என்றது நோயாளி நாற்காலி. அதில் சாய்ந்திருந்தது அவர் மனைவி. வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"இரும்மா. உன் நல்லதுக்குத்தான்."

"நல்லது இருக்கட்டும். வலி என்னோடதுங்க."

ரூட் கெனால் செய்ய அவர் புதிதாக மோட்டார் ஃபைல் வாங்கியிருந்தார். ஊசி மாதிரி மெல்லிய, முறுக்கிய அரம் அது. வேருக்குள் சுழன்றபடி இறங்கி, கெட்டதை வழித்துக்கொண்டு, உள்சுவரையும் கொஞ்சம் சீவி அகலமாக்கும். அப்படி அவர் வைத்தியம் பார்த்த ஒரு பல் பிளந்துபோய், கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து சுவரை நெட்டுகிற ஃபைல்தானே பிளந்திருக்கும்? இது தெளியாமல் மனைவியின் பல்லைத் தொடுவதில்லை என்று ஒரே பிடியாக நின்றார்.

அதனால்தான் இந்தச் சோதனை. பிடுங்கிய பற்கள் ஊறும் ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தார். மோட்டார் ஃபைலால் குடைந்தவற்றில் விரிசல். கையால் திருகிக் குடைந்தவற்றிலும் விரிசல். சும்மா ஓரமாக வைத்த பற்களில்கூட விரிசல்.

"கண்ணுக்குச் சரியாப் படல போல" என்று விளக்கைப் பற்களுக்கு மேலேயே இழுத்தார். காற்றுக் குழாயால் ஒவ்வொன்றையும் ஊதினார். எதையும் துடைத்து ஊதிவிட்டுத்தான் பார்ப்பது, படித்த காலத்திலிருந்து கையில் ஊறிய பழக்கம்.

டிக்.

டாக்டர் திரும்பினார். "நகம் கடிக்கிறியா?"

"இந்த வாயை வெச்சுக்கிட்டா?"

டிக். சத்தம் தட்டிலிருந்துதான் வந்தது. ஈறும் உதடும் இல்லாமல் வரிசையாகக் கிடந்தன, யார் யாருடைய பற்களோ. யாரும் தொடவில்லை. ஆனாலும் ஒரு பல்லின் வேரில் புதிதாக ஒரு கோடு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக நீண்டது.

மனைவி காலை மடக்கி நாற்காலியில் ஏற்றிக்கொண்டாள். "இதுங்களோட சொந்தக்காரங்க எல்லாம் உயிரோடதானே இருக்காங்க?"

"பெரும்பாலும்" என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சட்டென்று அவர் முகம் தெளிந்தது. "ஜாடித் தண்ணிதான்! ஊறி ஊறி அரிச்சிருக்கும்." தட்டை அப்படியே தூக்கி, கருவிகளை உலர்த்தும் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே டிக். டிக், டிக். இரும்புச் சுவருக்குள் யாரோ இருட்டில் பல்லை நறநறவென்று கடிப்பது போல.

"வீட்டுக்குப் போலாங்க. வலி பழகிடும்."

"நீ அசையாதே. கூடப் படிச்சவனைக் கேட்டுட்டு வரேன்." போனும் கையுமாக வராந்தாவுக்கு ஓடினார். அடித்தது, எடுக்க ஆளில்லை. திரும்பி வரும்போது அறைக்குள் மோட்டார் பாடிக்கொண்டிருந்தது.

அறையில் வேறு ஆளே கிடையாது. டாக்டர் கதவைத் தள்ளினார்.

மேஜையருகே மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் ஃபைல் சுழன்றது. இன்னொரு கையில், ஜாடியிலிருந்து எடுத்த ஒரு பல்.

"ஐயோ, என்ன பண்றே!"

"நீங்க பண்ணமாட்டேங்கறதை." பல்லை நீட்டினாள். "பாருங்க."

வாங்கிப் பார்த்தார். அடிவரை குடைந்திருந்தது, படுமோசமாக. ஆனால் விரிசல் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை.

"எப்படி?"

"தொட அருவருப்பா இருந்துச்சு. ஈரத் துணியில சுத்திப் பிடிச்சேன்." மனைவி நாற்காலியில் ஏறி வாயைத் திறக்கத் தயாரானாள். "ஃபைல் மேல தப்பு இல்லைங்க, நீங்க காயவெச்சுத்தான் எல்லாம் வெடிச்சிருக்கு, பல்லை ஈரமாவே வெச்சுக் குடைங்க, விரியாது."