வசந்தா அக்காவின் மில்லில் நான் மிச்சம் பிடித்த தண்ணீர்

நெல் ஆலைகளுக்குத் தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது உயிருக்கு ஆபத்தில்லாத உத்தியோகம் என்று நம்பித்தான் நான் அதில் சேர்ந்தேன். நான் இயல்பிலேயே பயந்தவன். கரப்பான்பூச்சி பறந்தால் கதிரையில் ஏறிவிடுவேன். வங்கியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், என்ன பிழை விட்டேனோ என்று வியர்க்கும். அப்படிப்பட்டவனுக்கு, வாளியும் கையுமாகப் போய், எங்கே தண்ணீர் வீணாகிறது, எங்கே உமி வீணாகிறது என்று பார்த்து, முதலாளிமாரின் செலவைக் குறைத்துக் கொடுக்கும் வேலையைவிடப் பாதுகாப்பானது வேறென்ன இருக்கிறது? (இப்போது கேட்டால் பாம்பு பிடிப்பதைச் சொல்வேன்.)

என் தகுதிகாண் காலத்தில் கிடைத்த முதல் ஆலை, கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்கால் பக்கமாக இருந்த வசந்தா அக்காவின் மில். தனியாளாக நின்று அதைக் கட்டி எழுப்பியவர். இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போதும் அவர் குரல் வாசல்வரை தெளிவாகக் கேட்கும். முதல் நாளே என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தம்பி, உங்கட கதையைக் கேட்டு என்ர மில் ஒரு நாள் நிண்டாலும், நெல்லுக்குப் பதிலா உங்களைத்தான் அவிப்பன். விளங்குதோ?"

"ஓம் அக்கா," என்றேன். அவர் பகிடி விடுகிறாரா என்று கேட்கத் துணிவில்லை.

அவிக்கிறதற்கு முன் நெல்லைக் கழுவி ஊறப்போடுவார்கள். கழுவிய தண்ணீரெல்லாம் ஒரு வடிகானால் ஓடி, மில்லுக்குப் பின்னால் பற்றைக்குள் இருந்த பள்ளத்தில் விழும். அது வருடக்கணக்காக நிறைந்து ஒரு குட்டிக் குளமாகவே ஆகியிருந்தது. ஆனால் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் கிணறு வற்றிவிடும். அக்கா பவுசர் லொறியில் தண்ணீர் வாங்குவார். இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் பற்றைக்குள் ஊற்றுகிற வேலை.

நான் கானை அடைக்கச் சொன்னேன். கழுவிய தண்ணீரை ஒரு பெரிய சீமெந்துத் தொட்டிக்குத் திருப்பி, சேற்றைப் படிய விட்டு, மேலே தெளிந்ததை அடுத்த நெல்லின் முதல் கழுவலுக்கு எடுப்பது திட்டம். தொட்டியின் ஒரு பக்கத்தைச் சுவராக எழுப்பாமல் சரிவாகக் கட்டுவித்தேன், இறங்கிச் சேற்றை வழிப்பது சுகம் என்று. அந்தச் சரிவு என் சொந்த யோசனை. கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

திட்டம் பலித்தது. பவுசர் வருவது நின்றது. வசந்தா அக்கா எனக்கு வெறும் பிளேன்ரீயை நிறுத்திப் பால்தேத்தண்ணி தரத் தொடங்கினார். இதைக் கேள்விப்பட்ட என் மேலதிகாரி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்க மில்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவது என்று முடிவெடுத்தார்.

"நீங்கள்தான் விளங்கப்படுத்த வேணும். இது நல்லாப் போனா உங்கட வேலை நிரந்தரம்," என்றார்.

போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க, பேச வேண்டியதை எழுதி எழுதிப் பாடமாக்கினேன்.

இந்தப் பயத்தில், கவனிக்க வேண்டிய சில விசயங்களைக் கவனிக்காமல் விட்டேன். பின்னால் இருந்த குட்டிக் குளம் வற்றி வெடித்துப்போயிருந்தது. அக்காவின் கோழிகள் குறைந்துகொண்டு வந்தன. ("நாய்தான் பிடிக்குது," என்றார் அக்கா.) தொட்டித் தண்ணீர் காலையில் கலங்கிக் கிடந்தது, நடுவிலிருந்து குமிழிகள் வந்தன.

"அது தவிடு நொதிக்கிறது அக்கா. நல்ல அடையாளம்," என்று நான் விளக்கம் வேறு கொடுத்தேன்.

அந்த நாள் வந்தது. மில்காரர்கள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். என் குரல் எனக்கே பக்கத்து வீட்டில் கேட்பது போல இருந்தது. எப்படியோ தண்ணீர் வெளியேறும் குழாயைக் காட்டும் கட்டத்துக்கு வந்தால், அதன் வாயை அடைத்துக்கொண்டு ஏதோ கறுப்பாகக் கிடந்தது. பழைய லொறி ரயரின் துண்டு.

முதல்தடவையாக எனக்கு அதிகாரம் காட்ட ஆசை வந்தது. "எந்தக் கழுதை இதுக்குள்ள ரயரைப் போட்டது?" என்று சத்தம் போட்டபடி, என் சொந்த யோசனையான சரிவில் இறங்கி, குனிந்து, ரயரைப் பிடித்து இழுத்தேன்.

ரயர் குளிர்ந்திருந்தது. பிறகு அது மூச்சு விட்டது.

பிறகு நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு கண். அது திறந்து, அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்தது. அதன்பின் நான் போட்ட சத்தத்தில் மில்லின் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்ததாகச் சொல்கிறார்கள். (முதலை ஐந்தடிதான் இருக்கும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு பஸ்.)

எல்லோரும் முற்றத்தில் நின்ற லொறிக்கு ஓடி, நெல் மூட்டைகளின் மேல் ஏறினார்கள். என் கால்கள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடின. நினைவு வந்தபோது நான் பம்ப் அறையின் தகரக் கூரைமேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. கீழே பார்த்தால், முதலை சரிவில் சுகமாக ஏறி வெளியே வந்து, காயப்போட்ட நெல்லின் மேலால் என் பக்கமாக நடந்து வந்து, பம்ப் அறை நிழலில் படுத்தது.

"அசையாதேங்கோ!" என்று மேலதிகாரி லொறியிலிருந்து கத்தினார். "வனசீவராசிகள் ஆக்களுக்குப் போன் அடிச்சாச்சு. வருகினம்!"

தகரம் தோசைக்கல் போலச் சுட்டது. நெஞ்சு அடிப்பது தகரத்தில் கேட்டு முதலை எழும்பிவிடுமோ என்று பயந்து மூச்சைக்கூடப் பாதியாக விட்டேன். லொறியில் இருந்தவர்களுக்கோ கொஞ்ச நேரத்தில் பொழுது போகவில்லை. ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, அது கிடக்கட்டும். இந்தத் தண்ணியில கழுவினா அரிசி மணக்காதோ?"

"ம...மணக்காது ஐயா. கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணிதான்..."

"சத்தமாச் சொல்லுங்கோ!" என்றார் மேலதிகாரி.

சொன்னேன். அடுத்த கேள்வி, சேற்றை என்ன செய்வது என்று. அதற்குப் பதில் சொல்லத் திரும்பியபோது துருப்பிடித்த தகரம் கிழிந்து, என் வலது கால் தொடைவரை உள்ளே போனது.

அதே நேரம் லொறியில் எல்லோரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன?" என்று கேட்டேன். பம்ப் அறையின் கதவு திறந்திருந்தது. கீழே நிழலில் கிடந்ததைக் காணவில்லை.

"தம்பி," என்றார் வசந்தா அக்கா. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. "காலை மேல எடுங்கோ. அது உள்ள போயிட்டுது."

"எடுக்க ஏலாது அக்கா! லோங்ஸ் தகரத்தில மாட்டிக் கிடக்கு!"

என் கால் எங்கே தொங்குகிறது, அதற்கும் அந்த வாய்க்கும் எவ்வளவு தூரம், ஒன்றும் தெரியாது. பாதத்தில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. குழாயில் சொட்டுகிற தண்ணீரா, வேறேதுமா? என்னுடைய தொழிலே ஒழுகும் குழாய்களைக் கண்டுபிடிப்பது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு குழாய் ஒழுகவேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டேன்.

"லொறியைப் பின்னுக்கு எடு!" என்று அக்கா கத்தினார். லொறி வந்து சுவரில் முட்டி நின்றது. அக்கா ஒரு கையையும் இன்னொருவர் மறுகையையும் பிடித்து இழுத்தார்கள். நான் வந்தேன். காற்சட்டை வரவில்லை. மூட்டைமேல் நான் விழுந்த கோலத்தை, வன்னியின் முக்கால்வாசி மில்காரர்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள்.

அக்கா லொறியிலிருந்து குதித்து, பம்ப் அறைக் கதவை அடித்துச் சாத்தி, கொண்டியைப் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். முதலைக்குப் பயந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன்.

"மில் நிண்டுபோச்சு தம்பி," என்றார்.

அவர் ஒரு வெறும் சாக்கை எடுத்து என்மேல் எறிந்தார். "முதல்ல இதைச் சுத்துங்கோ. கண் கொண்டு பாக்கேலாமக் கிடக்கு." அப்படியே நிலத்தில் குந்தி இருந்து சிரிக்கத் தொடங்கியவர், கண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

பின்னேரம் வந்தவர்கள் முதலையைக் கட்டிக் கொண்டுபோய்ப் பெரிய குளமொன்றில் விட்டார்கள். பற்றைக்குள் இருந்த அந்தப் பள்ளம்தான் அதன் வீடு என்றும், நான் தண்ணீரை நிற்பாட்டியதும் அது தண்ணீர் போன இடத்தைத் தேடி வந்திருக்கிறது என்றும் விளங்கப்படுத்தினார்கள். அன்றைக்கு அங்கே தன் வேலையைச் சரியாக விளங்கி வைத்திருந்தது அது ஒன்றுதான்.

அக்கா திட்டத்தைக் கைவிடவில்லை. சரிவை இடித்துச் சுவர் எழுப்பி, மேலே வலை போட்டார். பார்க்க வந்தவர்களில் சிலர் தங்கள் மில்லிலும் அதைச் செய்தார்கள். என் வேலை நிரந்தரமானது. அதைச் சொல்லும்போது மேலதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து வவுனியாவில் பெண் பார்க்கப் போனோம். அம்மா என் படிப்பையும் குணத்தையும் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் மாமா உள்ளேயிருந்து வந்தார். அவரும் மில்காரர், அன்றைக்கு லொறியில் நின்றவர். என்னைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"மச்சான், பொடியனைப் பற்றி வெளியில விசாரிக்க வேணுமோ?" என்று பெண்ணின் தகப்பன் அவரைக் கேட்டார்.

"தேவையில்லை," என்றார் அவர். "மாப்பிள்ளையை எனக்கு முழுசாத் தெரியும்."

கல்யாணம் நடந்தது. யாராவது என்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லத் தொடங்கினால், என் மனைவி இன்றைக்கும் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "ஓம், எங்கட மாமாவுக்கும் இவரை முழுசாத் தெரியும்," என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். வந்தவர்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.