தொழிலதிபருக்கு ஒரு வருமானச் சான்று

ஒருவன் ஏழையா இல்லையா என்பதை அவனே முடிவு செய்துகொள்ளக் கூடாது. அதற்கென்று ஓர் ஆபீஸ் இருக்கிறது, விண்ணப்பம் இருக்கிறது, விசாரணை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. இவ்வளவும் முடிந்து காகிதம் கைக்கு வரும் வரை நாம் ஏழை மாதிரி வாழலாமே தவிர, ஏழை ஆகிவிட முடியாது. இது தெரியாமல் நாற்பத்தாறு வருஷமாக என்னை நானே ஏழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன திமிர் பாருங்கள்.

என் பெயர் தீனதயாளன். கேளம்பாக்கத்தில் பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் கேட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகளின் சட்டைகள் என் கைபட்டுத்தான் வெளிநாட்டுக்காரனோடு வீடியோவில் பேசப் போகின்றன. பேண்ட்டைத் தேய்க்க யாரும் கொடுப்பதில்லை. வீடியோவில் தெரியாத உடுப்புக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார்கள். அதனால் என் வருமானம் இடுப்புக்கு மேலே மட்டும்தான்.

என் சம்சாரம் பொன்னிக்கு மூன்று மாதமாக வலது பக்க விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. ஒன்றல்ல, ஏழு. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கே காசு வாங்காமல் செய்கிறார்கள் என்று பொன்னி அன்றைக்கே சொன்னாள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஓ.எம்.ஆர். ரோட்டில் முழுக்க முழுக்கக் கண்ணாடியால் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. லிப்டு, ஏ.சி., வாசலில் சல்யூட் அடிக்க ஆள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே இலவசமாகச் செய்துவிடலாம். அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும். அதாவது, வருமானம் குறைவு, வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டவில்லை என்று நிரூபித்தால் போதும். பிறந்த நாளிலிருந்து நான் செய்துகொண்டிருக்கிற ஒரே காரியம் அதுதானே என்று தைரியமாக விண்ணப்பம் போட்டேன்.

எந்த ஆபீஸில் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஆபீஸ்காரர்கள் தங்களை விட்டுவிட்டதாக வருத்தப்படுவார்கள்.

விசாரணைக்கு வந்தவர் பெயர் ஹரிஹரன். தோளில் பை, கையில் அட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. லஞ்சம் வாங்காதவர். நாம் வாங்கிக் கொடுக்கிற டீயைக்கூடக் குடிக்க மாட்டார். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஒரு ப்ளெக்ஸ் இருந்தது. அதில் நான் இருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் சின்னப் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் ப்ளெக்ஸ் வைக்காத காதுகுத்தில் குத்திய ஓட்டை நிற்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை வந்து பத்து வருஷம் ஆகிறது. பொன்னியின் தம்பி உலகநாதன்தான் வைத்தான். 'அன்புடன் வரவேற்கும் தொழிலதிபர் தீனதயாளன்' என்று போட்டிருந்தான். இஸ்திரி என்று போட்டால் அக்காவைக் கொடுத்த எங்கள் மானம் என்ன ஆவது என்று கேட்டான். நான் கடுமையாக மறுத்தேன். எவ்வளவு கடுமையாக என்றால், அந்த 'தொழிலதிபர்' இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தால் தேவலை என்று சொல்கிற அளவுக்கு.

ஹரிஹரன் என்னை வரச் சொன்னார்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

"கோட்டு?"

"தேய்க்க வந்தது சார். எழுநூத்தி நாலாம் நம்பர் வூட்டுது. போட்டோவுக்கு ரெண்டு நிமிஷம் போட்டுகினு கழட்டிட்டேன்."

"பின்னாடி நிக்கிற கார்?"

"அது முனீர் பாய் கம்ப்யூட்டர்ல இருந்துச்சி சார். ப்ளெக்ஸ் கடைக்காரரு. எல்லாருக்கும் அதே காருதான்."

"பூ தூவுற ஹெலிகாப்டர்?"

"அதுவும்தான் சார்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கார் இருந்தால் தகுதி கிடையாதாம். டிராக்டர் இருந்தாலும் கிடையாது. ஆனால் ஹெலிகாப்டரைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதால், அதை எனக்கு எதிராக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றார். நியாயமான மனிதர். கையெடுத்துக் கும்பிட்டேன்.

படத்தை மட்டும் நம்பக் கூடாது என்று அக்கம்பக்கத்திலும் விசாரித்தார். விசாரிக்கும்போது விண்ணப்பதாரர் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. முதலில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா. "இந்தக் குடும்பம் எப்படி?" என்று கேட்டார். வேறெப்படியாவது கேட்டிருக்கலாம்.

எங்கள் தெருவில் பை மாட்டிய ஆள் ஒருத்தர் வந்து குடும்பம் எப்படி என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் மூத்த பெண் தமிழ்ச்செல்விக்கு வயது இருபத்திரண்டு. மாப்பிள்ளை வீட்டார் யாராவது விசாரிக்க வந்தால் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தவன் நான்தான். என்னென்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"அவருக்கு இன்னா சார் கொறச்சல்," என்றாள் சரோஜா அக்கா. "வூட்ல ரெண்டு பீரோ கீது. நகை வைக்க எடம் பத்தாம மூணாவது வாங்கலாமான்னு யோசிச்சிகினு கீறாரு. மாமல்லபுரத்தாண்ட மனை வாங்கிப் போட்டுக்கீறாரு. பொண்ணு தங்கம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அடுத்தடுத்து நாலு வீட்டிலும் இதையே சொன்னார்கள், மனையின் அளவு உட்பட. ஐந்து சாட்சிகளும் ஒரே மாதிரி சொல்வதைத் தன் இருபது வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை என்று ஹரிஹரன் ஆச்சரியப்பட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'விண்ணப்பதாரர் வசதி படைத்த தொழிலதிபர் என்பது ஆவணத்தாலும் அண்டைவீட்டார் வாய்மொழியாலும் ஐயமற நிரூபணமாவதால், மனு நிராகரிக்கப்படுகிறது.' கீழே முத்திரை. உண்மையைச் சொல்கிறேன், படித்தவுடன் எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு தடவை படித்தேன். அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. மச்சான் உலகநாதனுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். பொன்னி வெந்நீர்ப் பையை விலாவில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆபீஸுக்குப் போய் அந்த ப்ளெக்ஸ் பொய் என்று முறையிட்டேன். ஹரிஹரன் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ஒன்றைப் பொய் என்றால், அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அதே இடம், அதே அளவு. பதினைந்து நாளில் யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் நான் ஏழை. அப்படி விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். கூடாது என்று இல்லையே என்றார்.

முனீர் பாய் கடைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கம்ப்யூட்டரை மேலும் கீழும் தேடினார். கல்யாணம் இருந்தது, காதுகுத்து இருந்தது, கண்ணீர் அஞ்சலி இருந்தது, கட்சியில் சேர்ந்தது, கட்சியை விட்டு விலகியது எல்லாம் இருந்தது.

"ஏழைக்கு டிசைனே இல்ல அண்ணாத்த," என்றார். "இத்தினி வருசத்துல ஒரு ஆர்டர்கூட வந்தது இல்ல."

கடைசியில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் பனியனோடு நிற்கவைத்து அவரே படம் எடுத்தார். பழைய ப்ளெக்ஸில் உள்ள காரும் கோட்டும் என்னுடையவை அல்ல, நான் இஸ்திரி போட்டுப் பிழைப்பவன் என்று வாசகம். ஆனால் தொழில் பழக்கம் விடுமா? சுற்றிலும் தங்க பார்டர் வந்தது, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வந்தது, மேலே 'வறுமையின் சிகரமே' என்று வந்தது. இதெல்லாம் வேண்டுமா என்று பாய் கேட்டார். பார்டர் மட்டும் இருக்கட்டும் என்றேன். அச்சாகி வந்தபோது மூன்றும் இருந்தன. காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டு ராகவனால் தாங்க முடியவில்லை. சொந்தமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இவன் ஏழை என்றால் நான் யார் என்று தெருவில் நின்று கேட்டான். அவனும் விண்ணப்பம் போட்டான். மூன்றாம் நாள் பதினைந்துக்குப் பத்தில் அவன் ப்ளெக்ஸ் வந்தது, 'பரம்பரை ஏழை' என்று. அவன் தாத்தா படம் மேலே ஓர் ஓரமாக, மேகத்துக்குள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு விண்ணப்பமும் ப்ளெக்ஸும் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் தெருவில் வானம் தெரியவில்லை. ஏழைச் செம்மல், எளிமையின் இமயம், கடன்பட்ட காவலர். காதுகுத்துக்கு விட்டுப்போன தாய்மாமன்கள் எல்லாம் இதில் வந்து சேர்ந்துகொண்டு, மாமா ஏழையாக அங்கீகாரம் பெற வாழ்த்தினார்கள். அச்சடிக்க ஆள் போதாமல் முனீர் பாய் இரண்டு பேரை வேலைக்கு வைத்தார். எங்கள் வறுமையால் ஊரில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பதினைந்து நாளில் பொன்னி பாதியாகிவிட்டாள். சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம்யா என்று இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இதோ, இன்னும் ஆறு நாள்தான், இன்னும் நாலு நாள்தான் என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து நாளைப் பாதியில் விட்டால் போட்ட ப்ளெக்ஸ் வீணாகிவிடுமே.

தெரு முழுவதையும் ஒரே கோப்பில் சேர்த்துவிட்டதால் எல்லோருக்கும் ஒரே நாளில் சான்று வந்தது. எனக்கு ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம். காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒருவழியாக அரசாங்கத்தின் கண்ணில் ஏழையாகிவிட்டேன். பொன்னிகூட எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். அட்டை வாங்குகிற வேலையை அன்றைக்கே பார்த்திருக்கலாம். அதற்குள் ராகவன் தன் சான்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்குத் தொண்ணூற்றாறாயிரம் போட்டிருந்தது.

"பரவால்ல அண்ணாத்த," என்று என் முதுகைத் தட்டினான். "மன்சு வுட்டுடாத. ஒனக்கும் ஏறும்."

அவன் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. இருபத்திநாலாயிரம் குறைவு. ராகவனைவிட நான் ஏழையா? அவனா, நானா? தொழிலதிபர் என்று போட்டது யாருக்கு? இந்தத் தொகையை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் வாசலில் இருப்பவன் சல்யூட் அடிப்பானா?

"அதான் வந்துருச்சில்ல," என்றாள் பொன்னி. "போலாம் வா."

ஒரே ஒரு மனு, காலையில் போய் மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றேன். அவள் சண்டை போடவில்லை. சரி போய்ட்டு வா என்று மட்டும் சொன்னாள்.

ஆபீஸில் நாற்பது பேர் வரிசை. பாதிப் பேர் எங்கள் தெரு. எல்லோர் கையிலும் சான்று, எல்லோர் மனுவும் ஒன்றுதான்: வருமானத்தை உயர்த்திக் கொடுக்க வேண்டும், ஆனால் வரம்பைத் தாண்டிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு மேலே, தகுதிக்குக் கீழே. வருமானத்தைக் குறைத்துப் போடச் சொல்லி வந்தவர்களையே பார்த்துப் பழகிய ஹரிஹரன், ஒவ்வொரு மனுவையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குத் தமிழ்ச்செல்வி போன் செய்தாள்.

"நைனா, அம்மாவ செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில சேத்துட்டேன். நீ கெளம்பின ஒடனே வலி தாங்க முடியல. பஸ்ஸுலதான் இட்டுகினு வந்தேன். நாளைக்கு ஆபரேசன்னு சொல்லிட்டாங்க."

"சான்று கேக்கலியா?"

"பேரு கேட்டாங்க, வயசு கேட்டாங்க, எங்க வலிக்குதுன்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கல. அம்மா ஒன்ன தேடுது. வர்றியா?"

பஸ்ஸில், அந்த வலியோடு, என் பொன்னி. அழுகை வந்தது, என்மேலேயே வெறுப்பு வந்தது. இதோ வர்றேன்மா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அந்த நிமிஷமே வரிசையை விட்டு ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். முதல் ஆள் ராகவன்.