வாசல் மண் பூஜை

மண்ணூர் சாலையோரக் கொட்டகையில் நிற்க இடமில்லை. கம்பெனிகள் வரப்போகின்றன என்று எவனோ சொன்னதை நம்பி, கடனை உடனை வாங்கி, வரிசையாக அறை கட்டி, வாடகைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் கூட்டம் அது. கம்பெனி வந்தபாடில்லை. சாமியார் வந்துவிட்டார்!

பெயர் குடியேற்றும் சாமிகள். விலாசமும் வாசல் மண் ஒரு பிடியும் கட்டணமும் கொடுத்தால் போதும். பூஜை முடிந்த மறுநாள் பாயும் ஸ்டவ்வுமாகக் குடித்தனக்காரர் வந்து நிற்பார். நின்றார்கள் ஐயா, நிஜமாகவே நின்றார்கள்! கொஞ்ச நாளில் காலி செய்துகொண்டு போனார்கள் என்பது வேறு விஷயம். அதற்குத் தனியாக நிரந்தரப் பூஜை இருக்கிறது. கட்டணம் இரட்டிப்பு.

பென்னலூர் கன்னியப்பன் இருந்த பணத்தில் ஒரே ஒரு அறைக்குச் சுவர் எழுப்பியிருந்தான். கூரை ஷீட்டுக்கு வைத்திருந்த பணம்தான் மிச்சம். அதைச் சாமியிடம் கொடுக்கத் துடித்தான்.

"மொதல்ல பூஜை. ஆளு வந்து அட்வான்ஸ் குடுத்தா ஷீட்டு தானா வரும்."

"கூரை இல்லாத வூட்டுக்கு எவன்யா அட்வான்ஸ் குடுப்பான்?" என்றாள் மனைவி பாஞ்சாலி. "இந்த ரூமுக்கு ஷீட்டப் போட்டு வாடகைக்கு வுடு. அந்த அட்வான்ஸ்ல அடுத்த ரூமுக்குச் செவுரு எழுப்பலாம். இந்தப் பணமும் போச்சுன்னா மழையில செவுரும் கரைஞ்சுடும்."

"சாமியையே சந்தேகப்படறியா? வெளங்குமா நம்ம குடும்பம்?"

பாஞ்சாலி யோசித்தாள். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு யோசித்தது அவள் ஒருத்திதான். "சரி, நானே போறேன். ஆளு வந்தா பணம் மொத்தமும் சாமிக்குத்தான்!"

ஏரிக்கரைப் பொட்டலில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். "ஏரிக்கரை புளியமரத்துக்கு எதிர்ல, நாலு ரூம் கட்டிக்கீறேன் சாமி. ஆளு வந்ததும் நாலுக்கும் சேத்துப் பணம் குடுத்துடறேன்."

சாமியார் மண்ணை மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். "ஆஹா! நாலு அறையும் தெரிகின்றன. கதவு தெற்குப் பார்த்திருக்கிறது. பாதகமில்லை மகளே, நாளைக் காலை குடி வரும்!"

மறுநாள் காலை, அதிசயம் பார்க்க வாருங்கள் என்று பாஞ்சாலி கூப்பிட்டதில், பூஜை போட்ட வீட்டுக்காரர்கள் எல்லாம் புளியமரத்தின் மறைவில் கூடிவிட்டார்கள். சொன்னபடியே பாயும் ஸ்டவ்வுமாக ஒருவன் வந்தான்.

"ரொம்ப ராசியான வூடுன்னாங்கம்மா. காலியா கீதா?" என்றவன் சுற்றிலும் பார்த்தான். ஒரே பொட்டல். "வூடு எங்கம்மா?"

"அதான் நாங்களும் கேக்கறோம். இல்லாத வூட்டுக்கு உன்ன எவன் அனுப்சான்?" என்றாள் பாஞ்சாலி.

கூட்டத்திலிருந்த தாயாரம்மாள் முன்னே வந்தாள். "டேய்! நீ எங்க வூட்ல இருந்தவன்தானே? அம்மா செத்துட்டாங்கன்னு அட்வான்ஸத் திருப்பி வாங்கிக்கினு போனியே!"

"எங்க வூட்ல இருந்தப்பவும் இவங்கம்மாதான் செத்தாங்க!" என்றார் இன்னொரு வீட்டுக்காரர் வெங்கடேசன்.

"எங்க வூட்டுலயும்!" என்று நாலு பக்கமும் குரல். பாவம் அந்த அம்மாள், மகன் வீடு மாறும்போதெல்லாம் செத்திருக்கிறாள்!

பாய்க்காரன் காலில் விழுந்தான். "அடிக்காதீங்க! நான் பலராமன், சாமியோட மச்சான். அட்வான்ஸ் குடுத்தனுப்பறது அவருதான்!"

எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்கு ஓடியவன் கன்னியப்பன். பின்பக்கமாக நழுவிய சாமியாரை வேட்டியோடு பிடித்தவனும் அவன்தான். எல்லோர் பணத்தையும் அங்கேயே கக்க வைத்தார்கள். அன்று மாலையே கன்னியப்பன் சாமியிடம் போகாமல் தப்பிய பணத்தில் ஷீட் வாங்கி வந்து அறைக்குக் கூரை போட்டான். பாஞ்சாலி சிரித்த சிரிப்பு நாலு தெருவுக்குக் கேட்டது.

அன்று கொட்டகையிலிருந்து திரும்பும்போது, வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னிடம் ஒரு பெரியவர் கேட்டார்: "இவன் டூப்பு. வேற நல்ல சாமி யாராவது கீறாரா?"

ஐயா, அறை காலியாகக் கிடந்தால் ஆள் வருவது கஷ்டம். தலை காலியாகக் கிடந்தால் எவனாவது வந்து குடியேறிக்கொண்டேதான் இருப்பான். வாடகையையும் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் யோசியுங்கள்!