பன்னித் தோலும் கண்ணபிரான் அண்ணாச்சியும்

நோயாளிகளைவிட நோய் விசாரிக்கிறவர்கள் பெருகிவிட்ட நாடு நம்முடையது. இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். ஊரில் யாருக்கு ஊசி போட்டாலும் இவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், முகத்தில் துக்க வீட்டுக் களை, வாயில் இதே நோயில் போய்ச் சேர்ந்த ஒருவரின் கதை. வந்து உட்கார்ந்து, கொண்டுவந்த பிஸ்கட்டைத் தாங்களே பிரித்து, நோயாளி வீட்டு டீயில் நனைத்துத் தின்றபடி, "பயப்படாதீங்க" என்பார்கள். அதுவரை நோயாளி பயப்பட்டிருக்க மாட்டார்.

கோவில்பட்டியில் இந்த இனத்தின் தலைமகன் கண்ணபிரான் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. தொழிலை மகன் பார்த்துக்கொள்வதால், இவர் ஊராரின் உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்.

அன்று அவர் போனது பக்கத்துத் தெரு விஜி வீட்டுக்கு. புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனிக்குக் குழந்தைகள் கவுன் தைத்துக் கொடுக்கிற பெண். அவளுக்குக் கருவிழி மெலிந்து மெலிந்து கூம்பு போல முன்னால் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஊசி இரண்டாகத் தெரியும். எதில் நூல் கோப்பாள்? மதுரை டாக்டர் ஒரு வழி சொன்னார்: பன்றித் தோலிலிருந்து புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து, மெல்லிய வில்லையாக்கி, கருவிழிக்குள் செருகுவது. இன்னும் சோதனையில் இருக்கிற சிகிச்சை. சம்மதமா இல்லையா என்று மறுநாள் காலையில் சொல்லியாக வேண்டும். விஜிக்கு ஆசை. அவள் புருஷன் ஹரிக்குப் பயம். அண்ணாச்சிக்கு இதைவிடத் தோதான வீடு கிடைக்குமா?

"பன்னியா?" பிஸ்கட் பாதி வழியில் நின்றது. "ஏட்டி விஜி, கண்ணுல போயி பன்னிய வைப்பாவளா? நாளைக்குக் கோயிலுக்குப் போனா, கும்பிடுதது நீயா, பன்னியா?"

"எனக்குத் தையல் நேரா விழணும் அண்ணாச்சி. அவ்வளவுதான்."

"தையல் நேரா விழும். பார்வை சாக்கடைப் பக்கம்லா போவும்!"

ஹரிக்கு அதுவே போதும். வேண்டாம் என்று சொல்லப் போனைக் கையில் எடுத்துவிட்டான். டாக்டர் நம்பரைத் தேடிக்கொண்டே கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டான்: "அண்ணாச்சி, பன்னித் தோலுல எடுத்தது மனுசன் கண்ணுல எப்படி ஒட்டும்?"

ஒட்டுமா என்று ஒரு தீப்பெட்டிக்காரரிடம் கேட்கலாமா? அண்ணாச்சிக்குள் படுத்திருந்த முதலாளி துள்ளி எழுந்தார்.

"யாருகிட்டலே கேக்க? தோலு மாதிரி ஒட்டுத சாமான் உலகத்துலயே கெடையாது. தீக்குச்சி மருந்துல என்னத்தக் கலக்குதோம்? வஜ்ரம்! மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. அது இல்லன்னா மருந்து குச்சி நுனியில நிக்குமா? தலை நரைக்கிற வரைக்கும் இந்தக் கையால கிண்டியிருக்கேன். தெனம் குளிச்சு முழுகி, அதே தீக்குச்சியக் கிழிச்சுத்தான் சாமிக்கு வெளக்கு…"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும், விளக்கு அத்தோடு நின்றது.

கண்ணுக்குள் வைப்பது பசை அல்ல என்று யாராவது சொல்லியிருக்கலாம். விஜி அண்ணாச்சிக்கு இன்னொரு டீ போட எழுந்தாள்.

ஹரி போனைக் கீழே வைத்தான். "அப்போ வச்சுக்கிடலாம்ங்கியளா அண்ணாச்சி?"

"நான் எப்பம்லே வேண்டாம்னேன்?"

விஜி மதுரைக்குப் போனாள். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கழுகுமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் எல்லாம், "கண்ணுக்குப் பன்னித் தோலுக்கு மிஞ்சினது இல்ல. நான்தான் சொல்லி அனுப்பினேன்" என்றார். மூட்டு வலிக்காரர் ஒருவர், தனக்கும் அது ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றார் அண்ணாச்சி.

சில மாதம் கழித்து ஒரு நாள், விஜி வாசலில் உட்கார்ந்து ஒரே வீச்சில் ஊசியில் நூல் கோத்தாள். ஒரே ஊசி! சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடி நிமிர்ந்தால், தெருக்கோடியில் ஓர் உருவம் திரும்புகிறது. முன்பெல்லாம் அண்ணாச்சி நடுவீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிவார், அதுவும் இரண்டு பேராக. இன்றைக்குக் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"இந்தாருங்க, சீக்கிரம் கதவச் சாத்துங்க!" என்று ஹரியிடம் கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

சிரிக்கிறீர்கள். ஆனால் பன்றி என்று படித்ததும் உங்கள் முகம் சுளித்ததா இல்லையா? விஜிக்குச் சொல்ல ஒரு யோசனை நாக்கு நுனிவரை வந்ததா இல்லையா? அப்படியானால், அடுத்த முறை நீங்கள் தெருமுனையில் திரும்பும்போது ஏதாவது ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டால், காற்று என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் யாருக்கோ கண் நன்றாகத் தெரிகிறது.