சட்டம் படிக்கிறவளின் அப்பா

பாண்டியில் வக்கீல்கள் இரண்டு வகை. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறவர்கள் முதல் வகை. பெற்ற பிள்ளையைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறவர்கள் இரண்டாம் வகை. முதல் வகையைத் தேடி நாம் போக வேண்டும். இரண்டாம் வகை நம்மைத் தேடி வரும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாலும் வரும்.

இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் பெயர் முருகையன்.

முருகையன் இருபது வருஷம் மில்லில் தறி ஓட்டியவர். மில்லில் வேலை நின்று போனதும் தவளக்குப்பத்தில் ஒரு சிமெண்ட் கடையில் மூட்டைகளுக்குக் காவலாகச் சேர்ந்தார். நல்ல மனிதர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் ஆட்டோ கூப்பிட ஓடுகிறவர். மனைவி வசந்தா, ஒரே மகள் கார்குழலி. 2005-இல் கார்குழலிக்குக் காலாப்பட்டில் ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் அதுவரைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்தவர்கள் உண்டு. சட்டம் படிக்கப் போனவர்கள் கிடையாது. ஆகவே தெருவுக்கே பெருமை. அந்தப் பெருமையில் பெரும்பங்கை முருகையன் எடுத்துக்கொண்டார். அதில் தப்பில்லை. கூடவே படிப்பையும் எடுத்துக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

முதல் நாள் காலையில் கார்குழலி பஸ் பிடித்துக் காலாப்பட்டு போய்ச் சேர்வதற்குள், இங்கே டீக்கடை வாசலில் சைக்கிளை யார் குறுக்கே நிறுத்தியது என்று சண்டை போட்ட இரண்டு பேருக்கு முருகையன் தீர்ப்பு சொல்லிவிட்டார். "இது சிவில் மேட்டர்" என்றார். இருவரும் அதற்கு என்ன அர்த்தமோ என்று பயந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சட்டத்தின் வலிமையை அவர் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவரிடம் மூன்று வாக்கியங்கள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன: இது சிவில், இது கிரிமினல், இதுக்கு ஒரு செக்‌ஷன் இருக்கு. எந்த செக்‌ஷன்? அதைச் சொல்ல மாட்டார். கேட்டால், "அது இப்ப வேணாம்" என்பார், ஏதோ நம் நன்மைக்காக மறைப்பவர் போல.

அங்கே கல்லூரியில் என்ன நடந்துகொண்டிருந்தது? முதல் வருஷம் ஆங்கிலம், அரசியல், சமூகவியல். சாயந்திரம் மகள் களைத்துப்போய் வந்து பையைக் கீழே வைப்பதற்குள், இன்றைக்கு என்ன செக்‌ஷன் நடத்தினார்கள் என்று கேட்பார். கிரேக்க நாட்டு நகர அரசுகளைப் பற்றி நடத்தினார்கள் என்று அவள் சொல்வாள். அது சிவிலா கிரிமினலா என்று கேட்பார். இரண்டாம் வருஷம் ஒரு நாள் அவளுடைய ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்கே வந்துவிட்டார். முதல் பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது. பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். மிச்சப் பக்கமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க அதை வைத்துக்கொண்டு யோசனை சொன்னார். அவள் புத்தகம் இல்லாமல் கல்லூரிக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

சட்டம் படிக்கப் படிக்க அவளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று. அவருக்குத் தெளிவு கூடிக்கொண்டே போயிற்று.

என்னை எடுத்துக்கொள்ளுங்கள். நானும் நாலு எழுத்து படித்தவன்தான். 2006-இல் ஊர்ப் பெயரைப் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என்று மாற்றினார்கள் அல்லவா? மாற்றிய வாரமே முருகையன் டீக்கடையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: பழைய பத்திரமெல்லாம் என்ன ஆகும்? நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். சிரிப்பு வீடு வரைக்கும் தாங்கவில்லை. பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் நின்றேன். வாங்கியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். இங்கேதான் என்றேன். பத்திரத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பத்திரத்துல இருக்கிற ஊரு இப்ப இல்லியே."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் யாராவது சட்டக் கல்லூரியில் படிக்கிறார்களா என்று கேட்டார்.

இது வரைக்கும் சேதம் ஒன்றும் பெரிதில்லை. சிரித்துவிட்டுப் போகலாம். 2007 தை மாதம்தான் அவர் கொளஞ்சியிடம் வாயைத் திறந்தார்.

கொளஞ்சி எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்தவள். புருஷன் இல்லை. முன்பக்க அறையில் கடை, பின்பக்கம் குடித்தனம். வீடு பக்கத்துச் சந்தில் இருக்கும் கோவிந்தசாமியுடையது. அவர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வருஷா வருஷம் பதினோரு மாதத்துக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதி எடுத்துக்கொண்டு வருவார், கொளஞ்சி கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள், அவர் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த சட்டம்.

அந்த வருஷம் அவர் தாளைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போன பிறகு, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகையன் எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பதினாலு என்றாள். அவர் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார்.

"கொளஞ்சி, இதுல கையெழுத்துப் போடாத. பன்னெண்டு வருஷம் தாண்டிடுச்சி. வீடு உன்னுது."

கொளஞ்சி முதலில் சிரித்தாள். மத்தியானம் கோவிந்தசாமி வந்தபோது கண்ணாடி இல்லை, நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மறுநாள் சுவரைப் பார்த்தாள். காரை பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பதினாலு வருஷமாகக் கண்ணில் படாத சுவர் அது. மூன்றாம் நாள் ஒரு டப்பா நீலப் பெயிண்டு வாங்கிவந்து வாசல் கதவுக்கு அடித்தாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த முகத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வந்திருக்காது. எனக்கும் வரவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் இட்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கதவைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கோவிந்தசாமி கேட்டார். கொளஞ்சி முருகையனைக் கேட்கச் சொன்னாள். முருகையன் வாயால் சொல்லவில்லை. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். பெரிய அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், முழுக் கடிதத்தையும் பச்சை மையிலேயே எழுதினார். பன்னிரண்டு வருஷம் கடந்துவிட்டபடியால் மேற்படி வீடு மேற்படி கொளஞ்சிக்கே பாத்தியம், மேற்படி கோவிந்தசாமி மேற்படி வாசலில் வந்து நிற்கக் கூடாது. கீழே கொளஞ்சி கையெழுத்து. அதற்கும் கீழே, எழுதி முடித்த பிறகும் தாளில் இடம் இருந்ததால், "சட்ட ஆலோசனை: மு. கார்குழலி, பி.ஏ., பி.எல்., இரண்டாம் ஆண்டு" என்று ஒரு வரி. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் மனிதருக்கு அதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

பத்து நாளில் பதில் வந்தது. ஹேமலதா என்ற வக்கீலிடமிருந்து, கொளஞ்சி வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மூன்று பக்க ஆங்கில நோட்டீஸ். கூடவே பச்சை மைக் கடிதத்தின் நகல். கொளஞ்சி அதை முருகையனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, இதெல்லாம் சும்மா மிரட்டல் என்றார். ஆனால் இது சிவிலா கிரிமினலா என்று இந்தத் தடவை அவர் சொல்லாததை அவள் கவனித்துவிட்டாள். இட்லி விற்றுப் பிழைக்கிறவளுக்கு எந்த மாவு புளித்தது என்று தெரியாதா? நோட்டீஸை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

காலாப்பட்டிலிருந்து வந்து இறங்கிய கார்குழலி அங்கேயே நின்று மூன்று பக்கத்தையும் படித்தாள். நகலைப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் பையைத் தரையில் வைத்தாள். வீடு எனக்கு வருமா வராதா என்று கொளஞ்சி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது அத்தை. நாளைக்கு சார்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்."

ஒன்றரை வருஷமாக அந்தக் குடும்பத்திலிருந்து சட்டம் வந்துகொண்டிருந்தது. தெரியாது என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். வாடகைக்கு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டவர்கள், எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். பதினாலு தடவை, வீடு கோவிந்தசாமியுடையது என்று கொளஞ்சியே எழுதிக் கொடுத்திருக்கிறாள். கொளஞ்சி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். அழவில்லை. காலையில் மாவு ஆட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அன்று வீட்டில் கார்குழலி அப்பாவிடம் சத்தம் போடவில்லை என்று வசந்தா பிறகு சொன்னாள். நிதானமாகத்தான் பேசினாளாம். கொளஞ்சி அத்தைக்கு இடம் போகும், கடை போகும். படித்து முடிக்காத பெண் வக்கீல் வேலை பார்க்கிறாள் என்று அந்த வக்கீல் கல்லூரிக்கு ஒரு வரி எழுதினால் என் படிப்பும் போகலாம். போகுமா என்று முருகையன் கேட்டார். அதுவும் எனக்குத் தெரியாது என்றாள். அன்று அவர் டீக்கடைக்கு வரவில்லை.

சனிக்கிழமை கொளஞ்சி, முருகையன், கார்குழலி மூவரும் ஹேமலதாவின் அலுவலகத்துக்குப் போனார்கள். கோவிந்தசாமி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். ஹேமலதா ஐம்பது வயதுக்காரர், பேச்சை வீணாக்காதவர். பச்சைக் கடிதத்தை மேஜைமேல் விரித்து, இது உன் யோசனையா என்று கார்குழலியைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் முருகையன் எழுந்து நின்றார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. எனக்குந்தான் தெரியாது."

"உங்களுக்கு என்ன தெரியாது?"

"சட்டம்."

எட்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்றார். பொண்ணு படிக்கிற புத்தகம் வீட்டில் இருந்ததால் வந்த வினை என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இந்த வகை மனிதருக்குக் கையை வெட்டிக் கொடுப்பது சுலபம், தெரியாது என்ற சொல்லைக் கொடுப்பதுதான் கஷ்டம். அதனால்தான், அவரை இவ்வளவு கேலி செய்கிற நான், இந்த இடத்தில் கொஞ்சம் எழுந்து நிற்கிறேன்.

கோவிந்தசாமியின் வருத்தம் வீட்டைப் பற்றியதாக இல்லை. பதினாலு வருஷத்தில் ஒரு வார்த்தை கடுசாகப் பேசியதில்லை, பக்கத்துச் சந்தில் இருக்கிறவனுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டாளே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் கொளஞ்சியைப் பார்த்தார்கள். அவள் முருகையன்மேல் பழி போடுவாள் என்றுதான் நினைத்தார்கள்.

"ஆசைப்பட்டுட்டேன்" என்றாள்.

அதற்கு எதிராக வாதாட அந்த அறையில் யாரும் இல்லை. ஹேமலதா புதிதாக ஒரு தாளை எடுத்தார். பழைய கடிதத்தை வாபஸ் வாங்குவதாக ஒரு கடிதம், வழக்கம்போலப் பதினோரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம். கொளஞ்சி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கல்லூரிக்கு யாரும் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாலு மாதம், முருகையன் கடைப்பக்கம் போகும்போதெல்லாம் கொளஞ்சி கொப்பரையிலிருந்து ஆவி பறக்கும்; இட்லி மட்டும் தீர்ந்துபோயிருக்கும்.

முருகையன் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். ஆறு மாதம் வாயே திறக்கவில்லை. டீக்கடையில் சண்டைகள் நெடுநேரம் நடந்தன. பிறகு ஒரு நாள் சாக்கடை அடைப்பு விஷயமாக இரண்டு பேர் முட்டிக்கொண்டபோது, "எனக்குச் சட்டம் தெரியாது, ஆனா..." என்று ஆரம்பித்தார். முன்னைவிட இப்போது அவர் சொன்னால் ஜனங்கள் அதிகமாக நம்புகிறார்கள். தெரியாது என்று சொல்கிறவர் பொய் சொல்வாரா?

கார்குழலி இப்போது நாலாவது வருஷம். தெருவில் யார் எதைக் கேட்டாலும், பார்த்துத்தான் சொல்லணும் என்கிறாள். இந்தப் பெண் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. பேசாமல் அவள் அப்பாவிடமே போகிறார்கள்.

நீங்கள் போக மாட்டீர்கள். உங்களுக்கு விவரம் தெரியும். ஆனால் கொளஞ்சி அந்த வீட்டில் பதினாலு வருஷமாக இருக்கிறாள் என்று படித்த இடத்தில், அப்படியானால் வீடு அவளுடையதுதானே, பன்னிரண்டு வருஷம்தானே கணக்கு என்று உங்களுக்குள்ளே ஒருவர் தொண்டையைக் கனைத்தாரே, அவர் எந்தக் கல்லூரியில் படித்தவர்?