வலப்பக்கம் ஸ்பிரிங், இடப்பக்கம் ரப்பர்

ரெண்டாயிரத்து ஒண்ணு தை மாசம், என் அக்கா மகள் முத்துமீனாவுக்கு எத்துப்பல்லை உள்ளே தள்ள, மேலே பக்கத்துக்கு ஒண்ணாக ரெண்டு பல் பிடுங்கினார்கள். ஆவணியில் கல்யாணம். அதற்குள் அந்த ரெண்டு சந்தும் அடைய வேண்டும். தாய்மாமன் என்ற முறையில் எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு நானும் திருமங்கலத்திலிருந்து மதுரை பல் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் கிரிதரன், "ஸ்பிரிங் போட்டு இழுப்போம்" என்றார். டாக்டர் ஹம்சவேணி, "ரப்பர் சங்கிலிதான் நல்லது" என்றார். பிள்ளை ஒரு மணி நேரம் வாயைப் பிளந்தபடி கிடந்தது. நிர்வாக அதிகாரி வெள்ளைத்துரை வந்து தீர்ப்புச் சொன்னார்.

"நிர்வாகம் யார் பக்கமும் சாயாது. வலப்பக்கம் ஸ்பிரிங், இடப்பக்கம் ரப்பர். ஒப்பீட்டுக் கமிட்டி போட்டாச்சு."

பங்குனியில் அளந்தார்கள். ஸ்பிரிங் இழுத்தது ரெண்டு மில்லிமீட்டர், ரப்பர் ஒண்ணு. அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இது பாரபட்சம்! இடது வந்து சேருற வரைக்கும் வலதை நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். வைகாசியில் ரப்பர் முந்திவிட்டது. அதை நிறுத்திவிட்டு ஸ்பிரிங்கை மறுபடி இழுக்கவிட்டார்கள். ஆடியில் ரெண்டு சந்தும் அச்சு அசலாக ஒரே அளவு. கமிட்டி பெருமகிழ்ச்சியுடன் அறிக்கை தந்தது: 'இரு முறைகளும் சமம் என இதன்மூலம் ஐயமறத் தெரிவிக்கப்படுகிறது.'

"அப்ப சந்து எப்ப சார் அடையும்?" என்றாள் முத்துமீனா. அழுகையை அடக்க முடியவில்லை.

"அடைக்கிறது கமிட்டி வேலை இல்லம்மா. ஒப்பிடுறதுதான்" என்றார் வெள்ளைத்துரை.

சேதி கேட்டு மாப்பிள்ளை சிவபாண்டி வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "ஏன்யா, எம்புட்டு நாளைக்குய்யா இழுத்தடிப்பீக?" என்று கத்தினான்.

ரெண்டு டாக்டரும் அவன் வாய்க்குள் குனிந்து பார்த்தார்கள். ஏழு மாசத்தில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

"அருமையான எத்துப்பல்! ரெண்டைப் பிடுங்கலாம்."

கல்யாண ஆல்பத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பார்த்து, இதுதான் புது ஸ்டைல் என்று திருமங்கலத்தில் நல்ல பல்லுக்காரர்களும் இப்போது போட்டோவில் அப்படித்தான் நிற்கிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளைத்துரை முன்னால் நின்று வாயைத் திறந்தேன்.

எனக்கு வலப்பக்கம் ரப்பர், இடப்பக்கம் ஸ்பிரிங்.