மட்டாஞ்சேரியில் நான் சீனம் பேசிய நாள்

தெரியாத மொழியில் வாயை மூடிக்கொண்டிருப்பவன் மரியாதையாகப் பிழைத்துக்கொள்வான். எனக்கு அந்த மரியாதை எழுபதுகளின் கடைசியிலேயே போய்விட்டது.

கொச்சி மட்டாஞ்சேரியில் மொழி படிக்கப் புத்தகம் தேவையில்லை. அந்த மொழிக்காரர் கடையில் போய் உட்கார்ந்தால் போதும். கொங்கணி எனக்குப் பப்படக் கடையில் வந்தது, குஜராத்தி நான் வேலை பார்த்த மிளகுக் கிடங்கில். (கெட்ட வார்த்தைகள் எல்லா இடத்திலும் இலவசம்.) அந்தத் தைரியத்தில்தான், சிங்கப்பூரிலிருந்து ஒரு சீன வியாபாரி வருகிறார் என்றதும், "சீனமும் தெரியும் சேட்ஜி" என்று முதலாளியிடம் அளந்துவிட்டேன். அந்த வியாபாரியைச் சமாளித்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று வருங்கால மாமனார் சொல்லியிருந்தார்.

கையில் பத்து நாள். ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே சீனர் பல் டாக்டர்.

"சமயம் இல்லா," என்றார் அவர். "அங்கே உட்காரு. நோயாளிகிட்ட மலையாளத்துல சொல்றதை உனக்குச் சீனத்துலயும் சொல்றேன்."

உட்கார்ந்தேன். (நடுவில் என் பல் ஒன்றையும் பிடுங்கினார். குருதட்சிணை என்று விட்டுவிட்டேன்.) என்ன படிக்கிறோம் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? உச்சரிப்பு பிரமாதமாக வருகிறதென்ற பூரிப்பிலேயே பத்து நாளும் போயிற்று.

வியாபாரி வந்தார். "பேசு," என்றார் சேட்ஜி. தெரிந்ததைச் சொன்னேன்:

"வாயைத் திறங்க." (சுத்தமான சீனத்தில்.)

பாவம், திறந்தார்.

சேட்ஜி குனிந்து உள்ளே பார்த்தார். "எந்தாடா இது?"

"அவங்க ஊர் வணக்கம், சேட்ஜி."

சேட்ஜியும் வாயைத் திறந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திறந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாடம் வரிசையாகத்தானே மனப்பாடம்? "வலிக்குதா?" என்றேன். அடுத்து, "துப்புங்க."

வியாபாரி வாயை மூடிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, என் பல்லுக்கு ஒண்ணுமில்ல. மிளகைக் காட்டு."

தமிழ். சிங்கப்பூரில் அவர் கடைக்கு இரண்டு பக்கமும் நம் ஆட்களாம்.

சேட்ஜிக்குத் தமிழ் அரைகுறை. வேறு வழியில்லாமல் அன்று முழுக்க நான்தான் நடுவில் நின்று பேசினேன். மிளகு கப்பலேறியது, வேலை நிரந்தரமானது, பெண்ணும் கிடைத்தாள்.

ஆனால் கதை எனக்கு முன்னால் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷமாகியும், நான் மாமனார் வீட்டுப் படியேறினால் பொடிசுகள் உட்பட அத்தனை பேரும் எழுந்து நின்று வாயைத் திறக்கிறார்கள். மூடச் சொல்லலாமென்றால், அந்த வாக்கியத்தை டாக்டர் எனக்குச் சொல்லித்தரவே இல்லை.